இரவுக் குடிலும் இல்லமும்

டில்லியைக் காண வரும் நம்மவர் செங்கோட்டையையும் குதுப்மினாரையும் கண்டு மகிழ்ந்து திரும்புவர். பழைய டில்லி ரயில் நிலையத்திலிருந்து காஷ்மீரி கேட் வழியாக யமுனைக் கரை நோக்கி மார்கழி இரவில் நடப்போர் சிலரே. சென்ற மார்கழியில் வேலை முடிந்து அவ்வழியே சென்றேன். செருப்பைத் தலைக்கு அணையாக வைத்து நடைபாதையில் உறங்கினோர் பலர். களவு போகாதிருக்க அதுவே அவர்கள் கண்ட உபாயம்.

2009 டிசம்பர்க் குளிரில் இந்நகரில் ஓர் இரவுக் குடில் இடிக்கப்பட்டது. 2010 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தலையிட்டது. அதன்பின் தகரக் கொட்டகைகளாகப் பல குடில்கள் எழுந்தன. லட்சம் மக்களுக்கு 100 பேர் தங்கும் ஒரு குடில், ஆளுக்கு 50 சதுர அடி இடம் என்று 2013 இல் மத்திய அரசு விதி வகுத்தது.

நான் புகுந்து பார்த்த குடிலில் கம்பளியும் விளக்கும் இருந்தன. பகலில் வேலைக்குச் செல்வதில்லையா என்று ஒரு முதியவரை வினவினேன். "மூட்டையை யாரிடம் விட்டுச் செல்வேன், பாபுஜி?" என்றார். எங்கள் நிலையத்துக் கிளோக் ரூமில் பெட்டியை ஒப்படைக்கவும் பயணச் சீட்டு வேண்டும். அவரிடம் அதுவும் இல்லை. காத்திருக்கும் அறை எத்துணை வசதியாயினும் சேருமிடம் ஆகாது என்பதை அன்று உணர்ந்தேன்.

நிற்க. சேருமிடம் எத்தகையதாக இருத்தல் வேண்டும் என்பதற்குச் சென்னையில் ஒரு சான்று உண்டு. தெருவில் அலைந்த மனநோயுற்ற பெண்களுக்காக 1993 இல் தோன்றிய 'பான்யன்' நிறுவனம், 2015 முதல் 'ஹோம் அகெய்ன்' என்னும் திட்டத்தை நடத்தி வருகிறது. காப்பகத்தில் நெடுநாள் இருந்தோர் நாலைந்து பேராகச் சேர்ந்து, ஊர் நடுவே சாதாரண வாடகை வீட்டில் குடியிருக்கின்றனர். சமையலும் கடை கண்ணிக்குச் செல்வதும் அவர்கள் விருப்பப்படியே. வேண்டிய அளவுக்கு உதவியாளர் துணை நிற்கிறார், வைத்தியமும் தொடர்கிறது.

ஆகவே வீடமைப்போர் கூரையோடு நின்றுவிடலாகாது. பூட்டும் சாவியும், கடிதம் வந்து சேரும் விலாசமும், சிலரே கூடி வாழும் அளவும், வேலைக்குச் செல்லும் தொலைவும், தளர்ந்தபோது தாங்க ஒருவரும் வேண்டும்.

அன்பர்களே! 'மதராசி' என்று வாடகைக்கு வீடு மறுக்கப்பட்ட நாட்களை நம்மில் பலர் அறிவோம். அன்று ஒருவர் நம்பிக் கொடுத்த சாவியால்தான் இன்று குடும்பமாக இருக்கிறோம். இத்தகைய வீடொன்று நம் தெருவில் அமையுமாயின், மறுப்புரைக்கும் கூட்டத்தில் நாம் சேராதிருப்போமாக.