வண்டியின் மூளை

தனக்குப் புலப்படாத பொருளொன்று எதிர்ப்படும்போது மனிதன் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறான். அதனைக் கண்டு அஞ்சி ஒதுங்குவான். அன்றேல் நேர்ந்த கேட்டிற்கெல்லாம் அதுவே காரணமென்று பழி சுமத்துவான். இவ்விரண்டிலும் ஆராய்ச்சி என்பது தலைகாட்டுவதில்லை. இக்காலத்து மோட்டார் வண்டிகளில் மூடி முத்திரையிட்டு வைத்திருக்கும் ஒரு சிறு பெட்டியின் விஷயத்திலும் நம்மவர் இவ்வாறே நடந்து வருகின்றனர்.

அப்பெட்டி இன்னதெனச் சிறிது விளக்குதல் அவசியம். இஞ்சினை ஆளும் மின்னணுப் பெட்டி அது. நம் நாட்டுப் பட்டறைகளில் ‘இசியூ’ என்றால் யாவரும் அறிவர். அளவில் ஒரு நடுத்தரப் புத்தகத்தை ஒக்கும். முற்காலத்து வண்டிகளில் பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் வேலையைக் கார்புரேட்டர் செய்தது. டீசலை அளந்து விடும் வேலையை இயந்திரப் பம்பு செய்தது. 1967ஆம் ஆண்டில் ஜெர்மனியின் போஷ் நிறுவனம் பெட்ரோலை மின்னணு முறையில் அளந்து விடும் அமைப்பொன்றை வோக்ஸ்வாகன் 1600 வண்டியில் புகுத்திற்று. 1979இல் எரிபொருளையும் தீப்பொறியையும் ஒரே பெட்டி ஆளும் முறை வந்தது. 1995இல் ஜப்பானின் டென்சோ நிறுவனம், காமன் ரெயில் என்னும் உயர்ந்த அழுத்த டீசல் முறையை ஹினோ லாரியில் அமைத்தது. இன்று நம் சாலைகளில் ஓடும் டீசல் பிக்கப் வண்டிகள் பலவற்றில் இருப்பது அவ்வகை இஞ்சினே. சுழலும் தண்டு எந்நிலையில் இருக்கிறது, காற்று எவ்வளவு வருகிறது, சூடு எவ்வளவு, ஓட்டுநர் எத்துணை மிதித்தார் என்பவற்றைச் சென்சார்கள் தெரிவிக்க, பெட்டி கணக்கிட்டு, ஒரு நொடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரம் மட்டும் டீசலைப் பீய்ச்சுமாறு ஆணையிடுகிறது. வண்டியின் மூளை என்று இதனைச் சொல்வது பொருத்தமே.

எமது மைத்துனர் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டம் விலைபோய்க் குடியிருப்பும் காலியான பின்னர், கடன்பட்டுப் பழைய டீசல் பிக்கப் ஒன்றை வாங்கி, கேமரன் மலையிலிருந்து ஈப்போவுக்குக் காய்கறி ஏற்றிப் பிழைத்து வருகிறார். ஒரு நாள் விடியற்காலை அவ்வண்டி உயிர்பெற மறுத்தது. ஸ்டார்ட்டர் சுழன்றது, இஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை. அவர் போன்றாருக்கு இது சிறு தொல்லையன்று. வண்டி நின்ற ஒவ்வொரு நாளும் கூலி இல்லை. கடன் தவணை நிற்காது. கோஸும் தக்காளியும் காத்திரா. கடைக்காரர் வேறு வண்டிக்காரரை நாடினால் மீண்டு வருவார் என்ற உறுதியும் இல்லை.

ஊரிலுள்ள ஒரு பட்டறையார் வந்து, ஸ்கேனரைச் செருகி, நான்கு பழுதுக் குறிகளைக் கண்டு, கால் மணி நேரத்தில் தீர்ப்புரைத்தார்: “மூளை போய்விட்டது. புதிதாகப் போட 5,800 வெள்ளி ஆகும்.” மைத்துனரின் மனைவியார் மறுபேச்சின்றிக் கழுத்துச் சங்கிலியைக் கழற்றலானார். நாம் அருகில் இருந்தோம். பட்டறையாரை நோக்கி, “ஐயா, பெட்டிதான் கெட்டதென்று எப்படி அறிந்தீர்கள்?” என்று மட்டும் வினவினோம். “மிஷின் சொல்கிறது” என்பதே விடை.

மிஷின் அப்படிச் சொல்லவில்லை என்பதே உண்மை. ஸ்கேனர் சாட்சியை மட்டும் கூறும், தீர்ப்பு கூறாது. இன்ன சென்சாரின் செய்தி வரவில்லை என்று அது தெரிவிக்கும். வராமற்போன காரணத்தை ஆராய்ந்தறிவது மனிதன் கடமை. நான்கு சென்சார்கள் ஒரே நாளில் ஒருங்கே ஊமையாயின என்றால், நான்கும் தனித்தனியே கெட்டன என்பதைவிட, நான்கிற்கும் பொதுவான ஏதோவொன்று கெட்டது என்று ஐயுறுவதே அறிவுடைமை. அப்பொதுப்பொருள் ஒயராகவும் இருக்கலாம், பியூஸாகவும் இருக்கலாம், பெட்டியாகவும் இருக்கலாம்.

வண்டியை வேறொரு பட்டறைக்கு இழுத்துச் சென்றோம். அங்கிருந்த மெக்கானிக் முப்பது வயதும் நிரம்பாத நம் இளைஞர். அவர் ஸ்கேனரைப் பார்த்துவிட்டு ஒதுக்கி வைத்தார், மல்டிமீட்டரைக் கையிலெடுத்தார். முதலில் பேட்டரியைச் சோதித்தார்: 12.6 வோல்ட், குறையில்லை. பெட்டிக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் பியூஸையும் ரிலேயையும் பார்த்தார். பின், பெட்டியின் எர்த் ஒயரில் மின்னழுத்தம் எவ்வளவு வீணாகிறது என்று அளந்தார். அது பத்தில் ஒரு வோல்ட்டுக்கும் கீழேயே இருந்தது. ஆக, பெட்டிக்கு உணவு சரியாகவே வருகிறது. பெட்டியோ தன் பங்குக்குச் சென்சார்களுக்கு 5 வோல்ட் அனுப்ப வேண்டும். அவ்வழியில் ஒரு வோல்ட்டும் இல்லை.

இவ்விடத்தில் பலர் பெட்டியைக் குற்றவாளி என்று முடிவு கட்டிவிடுவர். அவ்விளைஞரோ, “பொறுங்கள் அண்ணே, ஒரு சென்சார் உள்ளே ஷார்ட் ஆனாலும் எல்லாவற்றின் 5 வோல்ட்டையும் கீழே இழுத்துவிடும்” என்று கூறி, ஒவ்வொரு சென்சாராகக் கழற்றி அளந்தார். மாற்றமில்லை. பிறகு பெட்டியிலிருந்து ஒயர்க் கட்டையே பிரித்து, எங்கேனும் உராய்ந்து வண்டியின் உடலைத் தொடுகிறதா என்று பார்த்தார். அதுவும் இல்லை. இரண்டு மணி நேரம் சென்றபின்னரே பெட்டியைத் திறந்தார். அதன் உட்பலகையின் ஓரத்தில் பச்சை நிறத்தில் களிம்பு படர்ந்திருந்தது. மூடியின் ரப்பர்ப் பூச்சு விரிந்து, இஞ்சினை வேகக் குழாயால் கழுவும்போது நீர் இறங்கியிருக்கலாம் என்றார்.

“முதற் பட்டறையாரும் இதைத்தானே சொன்னார்? இத்துணைச் சோதனையால் விளைந்த லாபம் யாது?” என்று மைத்துனரே கேட்டார். வாசகர்களும் கேட்கக்கூடும். குறி தவறாமல் விழுந்த குருட்டுக் கல்லும், குறி பார்த்து எறிந்த கல்லும் ஒன்றாகா. ஒயரில் ஷார்ட் இருந்து, அதை ஆராயாமல் புதுப்பெட்டியைப் பூட்டியிருந்தால், புதியதும் பழையதன் கதியை அடைந்திருக்கும். ஒரு சென்சாரே காரணமாக இருந்திருந்தால், சில நூறு வெள்ளியில் முடியவேண்டிய காரியத்திற்குச் சங்கிலி அடகு போயிருக்கும். நீரே பகைவன் என்று அறிந்ததனால்தான், புதிதாக வைக்கும் பெட்டியை அப்பகையினின்று காக்க முடிந்தது.

அறிவு செலவையும் குறைத்தது. உடைத்த வண்டிகளின் உறுப்புகளை விற்கும் கடையில், மேலுறையிலுள்ள எண் எழுத்து மாறாமல் பொருந்தும் பெட்டி ஒன்றைத் தேடி எடுத்தோம். ஆயின், அதை அப்படியே செருகினால் வண்டி ஓடாது. சாவியை அடையாளம் காணும் திருட்டுத் தடுப்புக் குறி, ஒவ்வொரு இஞ்செக்டரின் தன்மையைக் காட்டும் குறி முதலியன பெட்டியின் நினைவில் பதிந்திருப்பன. இளைஞர் பழைய பெட்டியின் நினைவுச் சில்லைப் படித்து, அதிலுள்ளதைப் புதியதற்கு மாற்றினார். பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றி, சற்றுப் பொறுத்து, தம் உடலிலுள்ள நிலைமின்சாரம் நீங்க வண்டியின் இரும்பைத் தொட்ட பின்னரே பெட்டியைப் பொருத்தினார். பழுதுக் குறிகளை அழித்து, அரைமணி நேரம் சாலையில் ஓட்டிப் பார்த்து, மீண்டும் சோதித்தார். ஒரு குறியும் திரும்பவில்லை. கூலியும் உறுப்பும் சேர்ந்து 1,450 வெள்ளி. சங்கிலி கழுத்திலேயே இருந்தது.

வண்டி வைத்திருப்போருக்கு இவ்விடத்தே சில வார்த்தை. இஞ்சின் பகுதியில் வேகக் குழாயால் நீரடிக்க வேண்டாம். வண்டியில் வெல்டிங் செய்வதாயின் பேட்டரியின் இணைப்பை முன்னரே கழற்றச் சொல்லுங்கள். வேறு பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுக்கும்போது முனை மாறிவிடாமல் பாருங்கள். இம்மூன்றாலும் கெட்டுப்போகும் பெட்டிகள் பல.

பெற்றோருக்கும் ஒன்று கூறுவோம். அன்று தோட்டத்து ஆலையில் இஞ்சின் ஓட்டிய நம் பெரியவர்கள், அதன் ஓசையைக் கேட்டே நோயறிந்தனர். அத்திறமை இன்று காதிலிருந்து மீட்டருக்கு மாறியிருக்கிறது, மறைந்துவிடவில்லை. 2006ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின்படி வழங்கப்பெறும் மலேசியத் திறன் சான்றிதழைப் பெற்று நம் பிள்ளைகள் இத்தொழிலில் உயரலாம். பரீட்சையில் தேறாதவனுக்குப் பட்டறை என்னும் எண்ணம் ஒழிய வேண்டும். எண்ணிப் பார்க்கத் தெரியாதவனுக்கு இனிப் பட்டறையிலும் இடமில்லை.

தோழர்களே, பெட்டியின் உட்பொருளை எல்லோரும் கற்றாக வேண்டுமென்று நாம் கூறவில்லை. “எப்படி அறிந்தீர்கள்?” என்று பணிவோடு கேட்கும் துணிவை மட்டும் பழகிக்கொள்ளுங்கள். தொழில் தெரிந்தவர் அக்கேள்வியால் சினங்கொள்ளார். மீட்டரைக் கையிலெடுத்து மகிழ்ச்சியோடு காட்டுவார். காட்ட மறுப்பவரிடம் பணப்பையைத் திறக்காதீர்கள்.