வெடி ஊருக்கு ஒரு நாய்

நாய் வாங்குறதுன்னா என்ன பெரிய விஷயம்? போனோமா, குட்டியப் பாத்தோமா, தூக்கிட்டு வந்தோமான்னுதான் நானும் நெனச்சிருந்தேன். எங்க வீட்டுல அதுக்கு ஏழு மாசம் ஆச்சு.

முதல்ல கொஞ்சம் பழைய கதை. நான் ஏழாவது படிக்கும்போது வீட்டுல மணின்னு ஒரு நாய் இருந்துச்சு. அந்த வருஷம் தீபாவளிக்கு சொந்தக்காரங்க நிறைய பேர் வந்திருந்ததால, அப்பா அதைக் கொல்லைப்புறத்துல கட்டிப் போட்டார். எங்க ஊர் சிவகாசி. தீபாவளி ராத்திரி எப்படி இருக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. சாப்பிட்டு முடிச்சுப் போய்ப் பார்த்தா அறுந்த கயிறு மட்டும் கிடந்துச்சு. மூணு நாள் தேடினோம். கிடைக்கல. அதுக்கப்புறம் வீட்டுல நாய்ப் பேச்சையே யாரும் எடுத்ததில்ல.

போன வருஷம் அம்மாதான் திரும்ப ஆரம்பிச்சாங்க. நான் சென்னையில, அக்கா மதுரையில. வீட்டுல அவங்க ரெண்டு பேர் மட்டும்தான். "வாசல்ல ஒரு ஜீவன் கிடந்தா நல்லாருக்கும்டா"ன்னாங்க. அப்பா ஒண்ணும் சொல்லல. வேண்டாம்னும் சொல்லல.

உடனே ஆளுக்கொரு கட்சி. அக்காவுக்கு பக். 2003-ல வந்த ஹட்ச் விளம்பரத்துல சின்னப் பையன் பின்னாடியே நடந்து போகுமே, அது இன்னும் அவ கண்ணுல நிக்குது. எனக்கு லாப்ரடார். குழந்தைங்களோட நல்லாப் பழகும்னு எல்லாரும் சொல்றதால (அக்கா பையனுக்கு நாலு வயசு, லீவுக்கெல்லாம் இங்கதான்). எதிர்வீட்டு அண்ணாச்சி, "ராஜபாளையத்துக்கு இவ்வளவு பக்கத்துல இருந்துக்கிட்டு வெளிநாட்டு நாய் கேக்குதாக்கும்?"னு ஒரே போடா போட்டார்.

சாஃப்ட்வேர் ஆளு இல்லையா, நான் ஒரு எக்செல் ஷீட் போட்டேன் :-) இனம், உயரம், தீனி, முடி கொட்டுமா, வெயில் தாங்குமான்னு வரிசையா.

வெயில்லயே பக் அவுட். மூக்கு சப்பையா இருக்குற நாய்க்கு இளைச்சு இளைச்சு மூச்சு விட்டுத்தான் உடம்புச் சூட்டை இறக்கணும், ஆனா அந்த மூக்கமைப்புக்கு அதுவே கஷ்டம். 2024-ல தமிழக அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையில, நம்ம தட்பவெப்பத்துக்கு ஆகாத இனங்கள்னு போட்ட பட்டியல்ல ஹஸ்கி, செயின்ட் பெர்னார்டோட பக்கும் இருந்துச்சு. கந்தக பூமியில கொண்டு வந்து அதை வாட்டணுமா? லாப்ரடாருக்கு ரெண்டு அடுக்கு முடி. தினமும் நல்லா ஓட விடணும், இல்லேன்னா குண்டடிச்சு இடுப்பு எலும்பு வலியில வந்து நிக்கும். அப்பாவுக்கோ மூட்டுவலி. யார் ஓட்டுறது?

சரின்னு ஒரு ஞாயித்துக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் வழியா ராஜபாளையம் பக்கம் கிளம்பினோம். வெள்ளை உடம்பு, ரோஸ் மூக்கு, ரெண்டு ரெண்டரை அடி உயரம். 2005 ஜனவரியில தபால்துறை நாலு இந்திய நாய்களுக்கு ஸ்டாம்ப் வெளியிட்டப்போ ராஜபாளையமும் அதுல ஒண்ணு. நேர்ல பாக்கும்போது கம்பீரம்னா அப்படி ஒரு கம்பீரம்.

குட்டி வளர்க்குறவர்கிட்ட நான் விலை, வயசுன்னு கேட்டுக்கிட்டு இருந்தேன். அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "வெடிக்கு எப்படி?"

"அண்ணாச்சி, இந்தக் குட்டியப் பாருங்க. காதுகிட்ட சரம் வெடிச்சாலும் அசையாது"ன்னு ஒண்ணைத் தூக்கிக் காட்டினார். பால் வெள்ளை, நீலக் கண்ணு. எனக்கு ஒரே சந்தோஷம். அப்பா அதைக் கீழ விட்டுட்டு, அதுக்குப் பின்னால போய் நின்னு பலமா கைதட்டினார். மத்த குட்டியெல்லாம் திரும்பிப் பாத்துச்சு. அது மட்டும் புல்லை மோந்துக்கிட்டே இருந்துச்சு.

அதுக்குக் காதே கேக்கல!

இந்த இனத்துல இது இருக்குற பிரச்சினைதான். உடம்பு வெளுத்துப்போக காரணமான அதே மரபணு விஷயம் சில குட்டிங்களோட உள்காதையும் பாதிச்சிடும். காது கேக்காத நாயை வளர்க்கவே முடியாதுன்னு இல்ல, கைச்சைகை சொல்லிக் குடுத்து அருமையா வளர்க்குறவங்க இருக்காங்க. ஆனா தெரிஞ்சு வாங்கணும். குறையையே குணமாச் சொல்லி விக்கிறதைக் கேட்டுட்டு வாங்கக்கூடாது. அது போக, ராஜபாளையம் காவல் நாய். வீட்டு ஆளுகளைத் தவிர மத்தவங்களை லேசுல நம்பாது. தோட்டம் தொரவுன்னு இருந்தா ராஜா. எங்க வீடு தெருவோட ஒட்டின வீடு, நாள் முழுக்க ஆள் வந்து போற வீடு.

அடுத்தது சிப்பிப்பாறை. அந்த ஊரும் எங்க விருதுநகர் மாவட்டம்தான். மெலிஞ்ச உடம்பு, குட்டை முடி, வெயில் ஒரு பொருட்டே இல்ல. எக்செல்ல அதுக்குத்தான் அதிக மார்க். ஆனா முயல் விரட்டுறதுக்குன்னே பிறந்த நாய். காலை வீசி ஓட இடம் இல்லேன்னா அதுக்குப் பைத்தியம் பிடிச்ச மாதிரி ஆயிடும். இதுக்கு நடுவுலதான் 2024 தீபாவளிச் சமயத்துல வந்த அந்தச் செய்தி அப்பா நினைவுக்கு வந்துச்சு. 2018-ல வந்த 'பரியேறும் பெருமாள்' படத்துல கருப்பியா நடிச்ச நாய், வெடிச் சத்தத்துக்கு மிரண்டு ரோட்டுல ஓடி, வண்டியில அடிபட்டுச் செத்துப்போச்சுன்னு. அப்பா அதைச் சொல்லிட்டு எந்திரிச்சு உள்ள போயிட்டார்.

அப்பதான் எனக்கு உறைச்சுது. என் ஷீட்டுல வெடிச் சத்தம்னு ஒரு காலமே இல்ல! வெடிக்கிற இடத்துல இருந்து 4 மீட்டர்ல 125 டெசிபலுக்கு மேல போகக்கூடாதுன்னு 1999-லயே விதி போட்டாச்சு. அது மனுஷனுக்கே காது அடைக்கிற சத்தம். நாம கேக்குறது 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும், நாய்க்கு 45,000 வரைக்கும் கேக்கும்ங்கறாங்க. தீபாவளிக்கு ரெண்டு மணி நேரம்தான் வெடிக்கணும்னு 2018-ல உச்ச நீதிமன்றம் சொல்லிச்சு. ஆனா இங்க கல்யாணம், கோயில் பொங்கல், சாவுன்னு எல்லாத்துக்கும் வேட்டுதான். ஏன் வெடிக்கிறாங்கன்னு நமக்குத் தெரியும். அதுக்கு யார் சொல்றது?

கடைசில நாய் எங்க இருந்து வந்துச்சு தெரியுமா? எங்க வாசல்ல இருந்து. தெருவுலயே ரெண்டு மூணு வருஷமாத் திரிஞ்ச ஒரு செவலைப் பெட்டை. அப்பா ஸ்கூட்டர் நிழல்ல வந்து படுக்கும். ஒருநாள் தெருவழியா வேட்டுப் போட்டுக்கிட்டே ஒரு இறுதி ஊர்வலம் போச்சு. மத்த நாயெல்லாம் தெறிச்சு ஓடுச்சு. இது மட்டும் தலையத் தூக்கிக் காதைத் திருப்பிப் பாத்துட்டு மறுபடி படுத்துக்கிச்சு. அப்பா அப்பவும் கைதட்டிப் பாத்தார். டக்குன்னு திரும்பி வாலை ஆட்டுச்சு!

அதுக்கப்புறமும் ஒரு மாசம் கவனிச்சார். அக்கா பையன் வாலைப் பிடிச்சு இழுத்தப்போ உறுமாம எந்திரிச்சு அந்தப் பக்கம் போச்சு. குட்டியா வாங்கினா அது வளர்ந்து என்ன குணமா இருக்கும்னு இனத்தை வச்சு ஊகிக்கத்தான் முடியும். வளர்ந்த நாய்கிட்ட குணம் கண்ணு முன்னாடியே இருக்கு. கால்நடை மருத்துவமனையில காமிச்சு, வெறிநாய்க்கடி தடுப்பூசி போட்டு, கருத்தடையும் பண்ணி வீட்டுக்குள்ள கூட்டிட்டு வந்தோம். பேரு செவலையேதான்.

இனத்தைக் குறை சொல்ல வரல. யாருக்கு எது பொருந்துதோ அது. ஆனா உங்க வீட்டோட நல்ல நாளை நெனச்சு நாய் வாங்காதீங்க, அதுக்கு ரொம்பக் கஷ்டமான நாள் எதுன்னு பாத்து வாங்குங்க. எங்களுக்கு அது தீபாவளி.

தீபாவளியும் வந்துச்சு. செவலை ஒண்ணும் பெரிய வீரி இல்ல, சரவெடி ஆரம்பிச்சதும் கட்டிலுக்கு அடியில போயிடுச்சு. ஜன்னலைச் சாத்தி, ஃபேனைப் போட்டு, டிவியைச் சத்தமா வச்சோம். நான் ஒரு பாதுகாப்புக்குன்னு கயிறு எடுத்துட்டு வந்தேன்.

"கதவை மட்டும் சாத்துடா. கட்டாத"ன்னார் அப்பா. சொல்லிட்டுக் கட்டில் பக்கத்துல தரையில உக்காந்துக்கிட்டார். அந்த மூட்டுவலியோட, ராத்திரி பதினோரு மணி வரைக்கும்.