வலி போயிற்று, குருத்தெலும்பு முதிர்ந்ததா?



மாலையானால் எங்கள் அசாம் ஜாவாவில் பையன்கள் திடலில் கூடிவிடுவார்கள். என் மகனும் அவர்களுள் ஒருவன். பதினேழு வயதில், காற்பந்து ஆடிவிட்டு வந்தவன் வலது முழங்கால் வலிக்கிறது என்றான். "ஓடினால் சரியாகிவிடும், தம்பி" என்றேன். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் உடற்கல்வியும் பயின்றவன் நான். ஆயினும், ஓராண்டுக் காலம் அவ்வலியைப் பொருட்படுத்தவில்லை. மூட்டு வீங்கி, மடக்க இயலாமல் போன பிறகே மருத்துவரிடம் சென்றோம். தொடையெலும்பின் முனையைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பில் நாணய அளவுக்குக் குழி விழுந்திருந்தது.

குருத்தெலும்பில் இரத்தக் குழாய்கள் இல்லை. ஆதலால், அது தானாக ஆறுவது அரிது. இதனை வில்லியம் ஹண்டர் என்னும் மருத்துவர் 1743இலேயே எழுதி வைத்தார். அதற்கு ஒரு வழியை சுவீடனின் கோதன்பர்க் நகர மருத்துவர்கள் 1994இல் வெளியிட்டனர். நோயாளியின் மூட்டிலிருந்தே சிறு துணுக்கை எடுத்து, அதன் உயிரணுக்களை ஆய்வுக்கூடத்தில் சில வாரங்கள் பெருக்கி, மீண்டும் குழியில் வைக்கும் முறை அது. என் மகனுக்கும் அம்முறையிலேயே இரண்டு அறுவைச் சிகிச்சைகள் நடந்தன.

ஐந்தாம் மாதம், தோட்டத் திடலில் போட்டி அறிவித்தார்கள். "வலி அறவே இல்லையப்பா. ஓர் ஆட்டம் மட்டும் ஆடிவிட்டு வருகிறேனே" என்று கெஞ்சினான். என் மனமும் இளகியது. மருத்துவரைக் கேட்டுவிடுவோம் என்று அழைத்துச் சென்றேன். அவர் சொன்னதை என் சொற்களில் தருகிறேன்.

குருத்தெலும்பில் நரம்புகளும் இல்லை. எனவே, வலி இல்லை என்பதால் அது முதிர்ந்துவிட்டது என்று கொள்ளலாகாது. முதல் ஆறு வாரங்களில், வைத்த உயிரணுக்கள் ஒட்டிக்கொண்டு பெருகுகின்றன. அப்போது அது கூழ் போன்றது, அழுத்தினால் பெயர்ந்துவிடக்கூடும். ஆறு மாதத்திற்குள் குழி பெரும்பாலும் நிரம்பிவிடும். ஆனால், நீர்ச்சத்து மிகுந்து மென்மையாகவே இருக்கும். அதன் பின்னரே நார்கள் ஒழுங்குபட அமைந்து, திசு மெல்ல மெல்ல இறுகுகிறது. இதற்கு ஒன்றரை ஆண்டு, இரண்டு ஆண்டு, சிலருக்கு அதற்கு மேலும் ஆகும்.

அப்படியானால் அசையாமல் படுத்திருக்க வேண்டுமா? இல்லை. மூட்டு நீரிலிருந்துதான் குருத்தெலும்பு உணவு பெறுகிறது. அளவான அசைவு அந்நீரை உள்ளே செலுத்துகிறது. ஆகவே, மடக்கி நீட்டும் பயிற்சி வேண்டும். துள்ளலும் திடீர்த் திருப்பமும் கூடா.

முதிர்ந்த பின்னும் அது முன்பிருந்தது போலவே அமையும் என்ற உறுதி இல்லை. 1994ஆம் ஆண்டு அறிக்கையில், தொடையெலும்பில் சிகிச்சை பெற்றோரிடம் எடுத்த 15 திசு மாதிரிகளுள் 11 மட்டுமே இயல்பான குருத்தெலும்பின் தோற்றம் பெற்றிருந்தன. நம் கோலாலம்பூரிலும் மருத்துவர் சாவ் கே யோங் குழுவினர், நோயாளியின் சொந்த இரத்தத்தினின்று எடுத்த குருத்தணுக்களை மூட்டினுள் செலுத்தும் வேறொரு முறையை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டனர். புதிய திசுவைச் சோதிக்க அவர்களும் 18 மாதங்கள் காத்திருந்தனர்.

அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் என் மகன் பேசவில்லை. போட்டி நாளன்று திடலோரத்தில் நாற்காலி போட்டு அமர்ந்து, நண்பர்களுக்குக் கைதட்டினான். அவனருகில் நின்றிருந்த எனக்கோ, "ஓடினால் சரியாகிவிடும்" என்ற என் சொல்லே காதில் ஒலித்துக்கொண்டிருந்தது.

ஓராண்டு முடிவில் எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தில், புதிய பகுதி அண்டைப் பகுதியை ஏறக்குறைய ஒத்திருந்தது; முற்றிலும் அன்று. மருத்துவர் அனுமதியுடன் மெல்லோட்டம் தொடங்கியுள்ளான். பந்தை இன்னும் தொடவில்லை.

வள்ளுவர் காலமறிதல் என்று ஓர் அதிகாரமே வகுத்தார். அதை வகுப்பில் பலமுறை கற்பித்த நான், என் வீட்டில் இருமுறை தவறவிருந்தேன், ஒருமுறை தவறியும்விட்டேன். ஆசிரிய நண்பர்களே, ஒரு மாணவன் முழங்கால் வலியென்று மீண்டும் மீண்டும் வந்தால், வீக்கமோ பூட்டிக்கொள்வதோ இருந்தால், சோம்பலென்று எண்ணாதீர்கள். பெற்றோருக்குத் தெரிவியுங்கள். பெற்றோர்களே, சிகிச்சைக்குப் பின் பிள்ளை வலி இல்லை என்றாலும், மருத்துவர் சொன்ன நாள்வரை காத்திருங்கள்.