வெட்டிய முப்பது மில்லிமீட்டர்

"சார், இன்னொரு தடவை யோசிச்சுக்குங்க. வெட்டிட்டா ஒட்ட முடியாது."

வேளச்சேரியில் நான் வழக்கமாகப் போகும் சைக்கிள் மெக்கானிக் அண்ணன், கையில் ரம்பத்துடன் சொன்னார். நான் யோசிக்கவில்லை. மூன்று மாதச் சேமிப்பில் வாங்கிய ரோடு பைக். கறுப்பு கார்பன் ஃபிரேம், மெல்லிய பின் தாங்கி, எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் ஒரே கோடு. அந்தக் கோட்டைக் கெடுத்தது ஸ்டெம்முக்குக் கீழே இருந்த மூன்று ஸ்பேசர் வளையங்கள்தான். ஒவ்வொன்றும் பத்து மில்லிமீட்டர். இன்ஸ்டாகிராமில் நான் பார்த்துப் பொறாமைப்பட்ட எந்த சைக்கிளிலும் அவை இல்லை. ஹேண்டில்பார் ஃபிரேமோடு ஒட்டித் தாழ்ந்திருந்தது. பாயப்போகும் மிருகத்தின் கழுத்து மாதிரி.

"வெட்டுங்கண்ணே," என்றேன்.

உண்மையாகவே அழகாக இருந்தது. சுவரில் சாய்த்து வைத்து எடுத்த படத்துக்கு வந்த லைக்குகளை இரண்டு நாள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

என் கையில் ஒரு தர்க்கமும் இருந்தது. பொறியியல் படித்தவனுக்கு எதையும் நியாயப்படுத்தத் தெரியும். சமதளச் சாலையில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, நம் உழைப்பில் பெரும்பகுதியைத் தின்பது காற்று. அந்தக் காற்றுத் தடையிலும் பெரும்பகுதி நம் உடம்பால் வருவது, சைக்கிளால் அல்ல. உடம்பைத் தாழ்த்தினால் காற்று குறையும், வேகம் கூடும். ஆக, அழகும் வேகமும் இங்கே ஒன்றே. எவ்வளவு வசதியான முடிவு!

ஈசிஆரில் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, கோவளம் தாண்டியதும் வலது சுண்டுவிரல் மரத்தது. கையை உதறினேன், சரியானது. அடுத்த வாரம் மோதிர விரலும் சேர்ந்துகொண்டது. அதற்கடுத்த வாரம் திங்கட்கிழமை ஆபீஸில் உட்கார்ந்து கோட் அடிக்கும்போதும் மரப்பு போகவில்லை. கீபோர்டில் செமிகோலன் வலது சுண்டுவிரலின் வேலை. என்டரும் அதன் வேலைதான். விரல் எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்த்து அடித்தேன். பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவை. அன்றைக்குத்தான் பயம் வந்தது. இந்த விரல்களை வைத்துத்தான் வீட்டுக் கடன் கட்டுகிறேன்.

நரம்பு டாக்டர் என் கையைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "சைக்கிள் ஓட்டுறீங்களா?"

உள்ளங்கையின் அடியில், சுண்டுவிரல் பக்கமாக அல்நார் என்ற நரம்பு போகிறது. மணிக்கணக்கில் அதன்மேல் உடம்பின் எடையை வைத்தால் அது நசுங்கும். சைக்கிள் ஓட்டுபவர்களிடம் இது அவ்வளவு சகஜம். "கொஞ்ச நாள் ஓட்டாதீங்க. ஓட்டும்போது கையில வெயிட்ட குறைங்க," என்றார்.

மெக்கானிக் அண்ணனிடம் போனேன். அவர் 'நான் அப்பவே சொன்னேன்ல' என்று சொல்லாதது பெரிய கருணை. என் ரைடுப் பதிவுகளைக் காட்டினேன். வெட்டுவதற்கு முன் மாமல்லபுரம் போய்வந்த சராசரி வேகம் 28. வெட்டிய பிறகு 26. எனக்குப் புரியவில்லை.

"அந்த பொசிஷன்ல எவ்ளோ நேரம் இருந்தீங்க?"

யோசித்தேன். பத்து நிமிடம் குனிவேன். கை வலிக்கும். பிறகு ஹேண்டில்பாரின் மேல் கம்பியைப் பிடித்து நிமிர்ந்து உட்கார்ந்து, மொத்த நெஞ்சையும் காற்றுக்குக் கொடுத்துக்கொண்டே வீடு வரை வருவேன். பந்தய வீரர்கள் தாழ்வாக உட்கார முடிவதற்குக் காரணம் அவர்களுடைய சைக்கிள் மட்டும் இல்லை. பெடலை அவ்வளவு பலமாக மிதிக்கும்போது கால்களே உடம்பைத் தாங்கிக்கொள்கின்றன, கையில் எடை குறைகிறது. நான் மிதிக்கும் மிதிக்கு என்னை என் உள்ளங்கைதான் தாங்கவேண்டும். நான் காப்பியடித்தது அவர்களுடைய படத்தை. அவர்களுடைய கால்களைக் காப்பியடிக்க முடியாதே.

ஓட்டாமல் இருந்த அந்த நாட்களில் கிரேம் ஓப்ரீயைப் பற்றி நிறையப் படித்தேன். ஸ்காட்லாந்துக்காரர். 'ஓல்ட் ஃபெய்த்ஃபுல்' என்று பெயர் வைத்த ஒரு சைக்கிளைத் தானே கட்டினார். அதில் வாஷிங் மெஷினின் பேரிங் இருந்தது. முழங்கால்கள் உரசாமல் நெருங்கி ஓட வேண்டும் என்று மேல் குழாயே இல்லை. கைகளை மடக்கி நெஞ்சுக்கு அடியில் செருகிக்கொண்டு, கும்பிடுபூச்சி மாதிரி உட்கார்ந்து ஓட்டுவார். யாரும் அதை அழகு என்று சொல்லமாட்டார்கள். 1993 ஜூலையில், நார்வேயின் ஹாமர் நகரில், ஒரு மணி நேரச் சாதனைக்கு முயன்று தோற்றார். மறுநாளே திரும்பி வந்து 51.596 கிலோமீட்டர் ஓட்டி, பிரான்செஸ்கோ மோசர் 1984இல் வைத்த சாதனையை முறித்தார். சில நாட்களிலேயே கிறிஸ் போர்ட்மேன் அதையும் தாண்டினார். 1994இல் சர்வதேச சைக்கிள் சங்கம் ஓப்ரீயின் உட்காரும் முறையைத் தடை செய்தது. பின்னால், ஃபிரேம் பாரம்பரிய வடிவில்தான் இருக்கவேண்டும் என்றும் விதி வந்தது.

அந்தப் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தபோது ஒன்று உறைத்தது. அந்த சைக்கிளின் ஒவ்வொரு கோணலுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. அது அவர் உடம்பைச் சுற்றிக் கட்டப்பட்டது. என் சைக்கிளில் நான் செய்த ஒரே மாற்றத்துக்கு, அதை சுவரில் சாய்த்து வைத்துப் பார்க்கும் கண்தான் காரணம். ஓட்டும்போது அந்தக் கோடு எனக்குத் தெரிவதுகூட இல்லை. முன்சக்கரமும் ரோடும்தான் தெரிகின்றன.

இதனால் அழகு வீண் என்று சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால் பொய். ஞாயிறு காலை நாலரை மணிக்கு அலாரம் அடிக்கும்போது என்னை எழுப்பியது காற்றியல் இல்லை. ஹாலில் நிற்கும் அந்தக் கறுப்பு சைக்கிள்தான். இதற்குமுன் வாங்கிய, எல்லா விதத்திலும் நியாயமான ஒரு சைக்கிள் பால்கனியில் துணி காயப்போட உதவியது. ஓட்டத் தோன்றாத சைக்கிளின் சராசரி வேகம் பூஜ்யம். ஆபீஸில் டிசைனரோடு லோடிங் அனிமேஷனுக்காகச் சண்டை போடும்போது இப்போதெல்லாம் என் குரல் கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

வெட்டியதை ஒட்ட முடியாதுதான். அண்ணன் ஒரு வழி சொன்னார். மேல்நோக்கிச் சரிந்து ஏறும் ஸ்டெம். போட்டுப் பார்த்தோம். மிருகத்தின் கழுத்து ஒட்டகத்தின் கழுத்தாகிவிட்டது. பில் போடும்போது அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன்.

போன ஞாயிறு குழுவோடு போனேன். டீக்கடையில் ஒரு தம்பி சைக்கிளைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "என்ன அண்ணா, நல்ல பைக்க இப்படிப் பண்ணிட்டீங்க?" என்றான். அவனுடைய சைக்கிளில் ஸ்பேசர் இருந்தது. மூன்று வளையம்.

"உன்னோடத வெட்டிடாத," என்றேன்.

டீ கிளாஸ் சுட்டது. சுண்டுவிரலிலும் சுட்டது. அது போதுமாக இருந்தது.