நிலாவெளியில் ஓர் இரவு, புறாத்தீவில் ஒரு பகல்

வெள்ளவத்தையில் வாழும் நமக்குக் கடல் புதியதன்று. புகையிரதப் பாதையைக் கடந்தால் அலை வந்து காலை நனைக்கும். எனினும் வைகாசி முதல் புரட்டாதி வரை, சோழகம் வீசும் காலத்தில், அக்கடலில் இறங்குவது அறிவுடைமையாகாது. அதே மாதங்களில் இலங்கையின் கீழைக்கரையோ குளம்போல் அடங்கிக் கிடக்கும். கடலாடப் புறப்படுவோர் பணப்பையைப் பார்க்குமுன் பஞ்சாங்கத்தைப் பார்த்தல் நன்று.

ஆவணி விடுமுறையில் இரு குடும்பத்தாரும் மாணவர் சிலருமாகக் கோட்டையில் இரவு வண்டியேறித் திருகோணமலையை அடைந்தோம். கோணேசரை வணங்கியபின் வடக்கே ஏறக்குறைய 16 கிலோமீற்றர் சென்றால் நிலாவெளி. கரையோரத் தோட்டமொன்றில், உரியவரின் இசைவுடன், பனைகளின் கீழ்க் கூடாரம் அடித்தோம். மணலில் முளை நில்லாது. சாக்கில் மணலை நிரப்பி, அதிலே கயிற்றைக் கட்டிப் புதைத்தல் வேண்டும். மீனவ முதியவர் ஒருவர் கற்பித்த வித்தை இது. கட்டிச் சென்ற புளிச்சோறு அன்றிரவே தீர்ந்தது. நிலவு எழுந்தபின் ஊர்ப்பெயருக்கு உரை வேண்டியிருக்கவில்லை.

மறுநாட் காலை படகேறிப் புறாத்தீவுக்குச் சென்றோம். கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் அளவே. மாடப்புறாக்கள் வாழும் பாறைகளாதலின் இப்பெயர். ஆங்கிலேயர் இதனைச் சுடுபயிற்சிக் களமாக வைத்திருந்தனர்! 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் ஆயிற்று. நீர்க்கண்ணாடி அணிந்து முகத்தை அமிழ்த்தினால், ஆளுயர ஆழத்திலேயே மான்கொம்பு போன்ற பவளங்களையும் அவற்றிடையே வண்ண மீன்களையும் காணலாம்.

தீவின் கரையெங்கும் உடைந்த முருகைக்கற்கள். மாணவர் ஒருவர் ஒரு துண்டை எடுத்து, “செத்த கல்தானே, ஐயா?” என்றார். அதனை எடுத்துச் செல்வது குற்றம் என்பதோடு நாம் நிறுத்தவில்லை. நுண்ணிய உயிர்கள் கட்டும் இப்பாறைகளுட் பல ஆண்டுக்கு ஒரு சென்டிமீற்றர் அளவே வளர்வன. ஒரு மிதியில் உடைவன.

தென்மேற்குக் கரையில் ஹிக்கடுவைக்கு அப்பாலும் இப்பாலும் பல்லாண்டுகள் முருகைக்கல்லை வெட்டிச் சுண்ணாம்பு சுட்டனர். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை எழுந்தபோது, பவளப்பாறை காக்கப்பட்டிருந்த ஹிக்கடுவையில் நீர் உள்ளே அதிகம் புகவில்லை. சில கிலோமீற்றர் தொலைவிலுள்ள பெரேலியவிலோ அது ஒரு கிலோமீற்றருக்கு மேலும் பாய்ந்தது. பாறையின் அழிவும் அதற்கொரு காரணம் என்பர் ஆய்ந்தோர். கொழும்பிலிருந்து மாத்தறை நோக்கிச் சென்ற புகையிரதம் அங்கேதான் புரண்டது; ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அன்று காலை அவ்வண்டி நம் வெள்ளவத்தையைக் கடந்தே சென்றது.

மாணவர் ஒன்றும் பேசாமல் கல்லை எடுத்த இடத்திலேயே வைத்தார்.

தீவில் இரவு தங்க இடமில்லை. திரும்பும்போது, வாடை தொடங்கியதும் படகுகளைக் கரையேற்றிவிடுவோம் என்றார் படகோட்டி. தைப்பொங்கலுக்கு மீண்டும் வரத் திட்டமிட்டிருந்த இளைஞர் முகங்கள் வாடின.