போப்பரிங்கேயில் ஒரு கசப்பு

ரயில் அந்த ஊரோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் பாதை இல்லை. பெல்ஜியத்தின் மேற்கு மூலையில், பிரெஞ்சு எல்லைக்கு அருகே உள்ள போப்பரிங்கே என்ற சிற்றூரில், சென்ற செப்டம்பர் மாதம் நானும் என் மனைவியும் போய் இறங்கினோம். ஊருக்கு வெளியே சற்று நடந்ததுமே அவள் மூக்கைச் சுளித்து, "யாரோ கஷாயம் காய்ச்சுகிறார்கள்" என்றாள்.

கஷாயம் அல்ல, ஹாப் அறுவடை! ஹாப் என்பது நம் அவரையைப் போல் பற்றி ஏறும் கொடி. இருபது அடி உயரத்துக்குக் கம்பம் நட்டு, கம்பி கட்டி ஏற்றியிருக்கிறார்கள். பெண் கொடியில் பூக்கும் பச்சைக் கொத்துத்தான் சரக்கு. ஆண் கொடியால் பிரயோஜனமில்லை. (இதைக் கேட்டதும் என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை வர்ணிக்கப் போவதில்லை.) பூவைப் பிய்த்தால் உள்ளே மஞ்சள் பொடி. பீருக்குக் கசப்பும் மணமும் தந்து, அதைக் கெடாமல் வைப்பதும் அந்தப் பொடிதான்.

முன்பு ஹாப் எடை போட்ட நகராட்சிக் கட்டடம் இப்போது காட்சிசாலை. இயந்திரம் வரும் வரையில் பெண்களும் குழந்தைகளும் உட்கார்ந்து ஒவ்வொரு பூவாகக் கையால் பறித்தார்களாம். அந்தப் பழைய படங்களின் முன்னால் என் மனைவி வெகு நேரம் நின்றாள். வசந்த காலத்தில் ஹாப்பின் இளந்தளிரைக் கறி சமைப்பதும் உண்டு. அதன் விலை தெரிந்ததும், "நம் முருங்கைக்கீரையே போதும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

பிறகு ஊர்ச் சதுக்கத்தில் ஒரு கடையில் உட்கார்ந்தோம். அங்கே கேட்க வேண்டியது ஹொம்மெல்பீர். ஹொம்மெல் என்றால் டச்சு மொழியில் ஒருவகை வண்டு. இந்த வட்டாரத்துப் பேச்சிலோ ஹாப். 1981-ல் முதலில் காய்ச்சிய பீர். நூற்றுக்கு ஏழரைப் பங்கு சாராயச் சத்து. பெல்ஜியத்தின் பீர்க் கலாசாரத்தை யுனெஸ்கோ 2016-ல் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது என்பதையும் நான் விளக்கினேன். விளக்கினேனே தவிர, கிண்ணத்தைத் தொடவில்லை.

தொடமாட்டேன் என்று அம்மாவுக்குப் பதினேழு வயதில் வாக்குக் கொடுத்தவன் நான். என் மாமா குடித்தே வீட்டையும் நிலத்தையும் தொலைத்தவர். அவர் போன மறுநாள் வாங்கிய வாக்கு அது.

"வாக்குக் கொடுத்தவர் நீங்கள்தானே? நான் இல்லையே!" என்றாள் என் மனைவி. நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு வாய் குடித்துவிட்டாள்.

பொன் நிறம். மேலே நுரை, கறந்த பாலின் நுரைபோல் கலையாமல் நின்றது. அவள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன்: "முதலில் தேன் மாதிரி லேசாகத் தித்திப்பு. அப்புறம் நார்த்தங்காய்த் தோலைக் கிள்ளினால் வருமே, அந்த மணம். கொஞ்சம் தனியா. விழுங்கின பிறகுதான் கசப்பு வருகிறது. பாகற்காய்க் கசப்பு இல்லை, வேப்பம்பூக் கசப்பு. நாக்கை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது." இரண்டாவது வாயும் குடித்தாள். மூன்றாவது வேண்டாம், தலை கனக்கிறது என்று கிண்ணத்தைத் தள்ளிவிட்டாள். பாக்கியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தோம். கடைக்காரருக்கு அது பெரிய மனவருத்தம்!

ஊர் திரும்பிய அன்று சாப்பாட்டின்போது அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னவள் என் மனைவிதான். நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா கோபிக்கவில்லை. வெகு நேரம் கழித்து, "உன் மாமா வாசலில் வந்து நின்றால் ஒரு நாளும் நார்த்தங்காய் வாசனை வந்ததில்லையேடா" என்றாள்.

அப்புறம் மருமகள் பக்கம் திரும்பி, "ஏம்மா, அந்தப் பூவை நெய்யில் வறுக்கிறார்களா, பச்சையாகவே போடுகிறார்களா?" என்று கேட்டாள்.

"காய வைத்துக் கொதிக்கவிடுகிறார்கள், அத்தை."

"அதுதான் கசப்பு நிற்கிறது" என்று சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றினாள்.