பெரிய டாக்டர்

"பெரிய டாக்டர் இல்லையா?"

திருச்சியில் நான் நடத்தும் செல்லப்பிராணி கிளினிக்கில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். நாயைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் மேசைக்குப் பின்னால் நிற்கும் இளம் டாக்டரைப் பார்ப்பார்கள், பிறகு என் அறைக் கதவைப் பார்ப்பார்கள். நானும் எழுந்து வந்துவிடுவேன்.

ஆறு வருடத்தில் மூன்று பேர் என்னிடமிருந்து போய்விட்டார்கள். முதல் ஆள் டி.என்.பி.எஸ்.சி எழுதி கால்நடை உதவி மருத்துவர் ஆனார். இரண்டாவது ஆள் எம்.வி.எஸ்சி படிக்கப் போனார். "கவர்மெண்ட் வேலைக்கு முன்னாடி நம்ம கிளினிக் எம்மாத்திரம்?" என்று நண்பர்களிடம் சொல்லிச் சொல்லி நானே அதை நம்பிவிட்டேன். பொய்யில்லை. ஆனால் வசதியான உண்மை.

மூன்றாவதாக வந்த பெண் நாமக்கல் பக்கம். வீட்டில் மாடுகள். ஐந்தரை வருடப் படிப்பை முடித்து நேராக வந்தாள். மாட்டுக் கழுத்தில் கண்ணை மூடிக்கொண்டு நரம்பு பிடிப்பவளுக்கு, பார்வோ வந்து நீர் வற்றிப்போன குட்டிநாயின் முன்னங்காலில் ஊசி ஏறவில்லை. முடியை மழித்து, ஸ்பிரிட் தடவி, காலைக் கொஞ்சம் சூடு பண்ணி, கட்டைவிரலால் நரம்பை நழுவாமல் அழுத்திப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தேன். இரண்டே வாரம். பிறகு என்னைவிட நன்றாகப் போட்டாள். அதோடு என் கடமை முடிந்ததாக நினைத்துக்கொண்டேன்.

பதினாலு மாதம் கழித்து, "சார், மாசம் முடிஞ்சதும் கிளம்புறேன்" என்றாள். ஐந்தாயிரம் கூட்டித் தருவதாகச் சொன்னேன். அவள் பையிலிருந்து ஒரு டைரியை எடுத்து என் முன்னால் வைத்தாள். செய்த ஆபரேஷன்களைத் தேதிவாரியாக எழுதியிருந்தாள். மொத்தம் அறுபத்தொன்று. கடைசிக் கட்டத்தில் உதவி, உதவி, உதவி என்றே வந்தது. 'நானே செய்தது' மூன்று. மூன்றும் ஆண்பூனை காயடிப்பு.

"இன்னும் ஒரு வருஷம் இருந்தா நூறு உதவி தாண்டிடும் சார்."

ஒரு ராத்திரி ஞாபகம் வந்தது. ஒன்பது வயது லாப்ரடார், கர்ப்பப்பை முழுக்கச் சீழ். அவள் கையுறை போட்டுத் தயாராக இருந்தாள். "பெரிய டாக்டர்தானே பண்ணுவார்?" என்றார் நாய்க்காரர். நான் கத்தியை வாங்கிக்கொண்டேன். சினைப்பை ரத்தக்குழாயில் போட்ட கட்டு நழுவினால் வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கொட்டும். அன்று வாங்கியது சரிதான். ஆனால் ஆரோக்கியமான நாய்களின் கருத்தடையில்கூட வாங்கிக்கொண்டேனே, அதற்கு என்ன பதில்?

2004-ல் எனக்கு அந்தக் கட்டு நிஜமாகவே நழுவியது. வேப்பேரியில் படித்து முடித்து ஒரு சீனியரிடம் வேலைக்குச் சேர்ந்த புதிது. அவர் கையுறையோடு பின்னாலேயே நின்றிருந்தார். ஒரு வார்த்தை பேசாமல் கையை உள்ளே விட்டு, நழுவியதைத் தேடிப் பிடித்து, "இப்ப நீ கட்டு" என்றார். வெளியே வந்து நாய்க்காரரிடம், "ரெண்டு பேரும் சேர்ந்துதான் பண்ணோம், கொஞ்சம் ரத்தம் போயிடுச்சு" என்றார். நாய் பிழைத்தது. அரசு வேலைக்கான விண்ணப்பம் என் பெட்டியிலேயே கிடக்க, அவரிடம் ஏழு வருடம் இருந்தேன். அங்கே சம்பளம் ஒன்றும் பிரமாதமில்லை.

இதை அவளிடம் சொல்லவில்லை. அனுபவச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். என்ன எழுதினேன் தெரியுமா? 'அறுவை சிகிச்சையில் நல்ல அனுபவம் உள்ளவர்.' அவள் படித்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டாள்.

இப்போது நாலாவதாக ஒரு பையன் இருக்கிறான். போன செவ்வாய்க்கிழமை இரண்டு வயது நாட்டுநாய்க்குக் கருத்தடை. கத்தியை அவனிடம் கொடுத்துவிட்டு, கையுறையோடு பின்னால் நின்றேன். நான் நாற்பது நிமிடத்தில் முடிப்பது. அவனுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. முதல் கட்டு எனக்குப் பிடிக்கவில்லை. இன்னொன்று போடச் சொன்னேன், போட்டான். வெளியே இரண்டு பேர் காத்திருந்து, திட்டிவிட்டு, வேறு கிளினிக்குக்குப் போய்விட்டார்கள். மூன்றாவதாக வந்தவர் ரிசப்ஷனில் கேட்டது உள்ளேயே கேட்டது.

"பெரிய டாக்டர் இல்லையா?"

பையன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"தோலைத் தைக்கணும், கீழ பாரு" என்றேன்.